சேலம் போயிட்டு வந்த மறுநாள் மட்டும் வண்டி செத்துக் கெடக்குதா டீச்சர்?

வாசகர் கேள்வி:

வணக்கம் அண்ணா. நான் ஏற்காட்டுல ஸ்கூல் டீச்சர், வீடு நாகலூர் ரோட்டுல ஒரு காபி எஸ்டேட் ஓரமா இருக்கு. 2011 மாடல் பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்ட்ல வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. அம்மா சேலம் அம்மாபேட்டைல தனியா இருக்காங்க, அதனால புதன்கிழமை சாயங்காலமும் ஞாயித்துக்கிழமையும் கீழ போய் பாத்துட்டு ராத்திரி எட்டு மணிக்குள்ள மேல வந்துடுவேன். மறுநாள் காலைல பாத்தா செல்ஃபே எடுக்காது, டக் டக்னு ஒரு சத்தம் மட்டும் வரும், சில நாள் டேஷ்போர்டு லைட்டு கூட எரியாது. எஸ்டேட் பசங்க தள்ளி விட்டுத்தான் ஸ்கூலுக்குப் போறேன். மத்த நாள்ல எல்லாம் ஒரு பிரச்சனையும் இல்ல. 14 மாசத்துல ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு. சேலத்துல ஒரு கடைல ஒரு நாள் முழுக்க விட்டேன், மீட்டர் வச்சுப் பாத்துட்டு 30 மில்லி ஆம்பியர்தான் போகுது, கரண்ட் லீக்கே இல்லன்னுட்டாங்க. எங்க எஸ்டேட் வாட்ச்மேன் தாத்தா மட்டும் ராத்திரில உங்க வண்டிக்குள்ள வண்டு கத்துற மாதிரி சத்தம் வருதும்மான்னு ரெண்டு தடவ சொன்னாரு. ரேடியேட்டர் ஃபேனா இருக்குமோன்னு இங்க ஒரு மெக்கானிக்கிட்ட கேட்டா, ஃபேன டைரக்ட் பண்ணி டேஷ்போர்டுல ஒரு சுவிட்ச் வச்சிடலாம், வேணும்னா போட்டுக்கலாம் வேணாம்னா ஆஃப் பண்ணிக்கலாம்ங்கிறாரு. வச்சிக்கலாமா? இல்ல பெரிய பேட்டரியா போட்டுடலாமா? அதுவரைக்கும் தினம் ராத்திரி பேட்டரி வயர கழட்டி வச்சா வண்டிக்கு ஏதாவது ஆகுமா?

பதில்:

டீச்சர், முதல்ல அந்த வாட்ச்மேன் தாத்தாவுக்கு ஒரு தட்டுவடை செட்டு வாங்கிக் குடுங்க. நாள் முழுக்க மீட்டர் வச்சுப் பாத்தவங்களுக்குக் கெடைக்காதது அவரு காதுக்குக் கெடச்சிருக்கு. அந்த வண்டு உங்க ரேடியேட்டர் ஃபேன்தான், வேற எதுவா இருந்தாலும் எனக்கு ஆச்சரியம்தான்.

தாத்தா சொல்லாமயே இருந்திருந்தாலும் உங்க லெட்டர்ல பாதி பதில் இருக்குங்க. சேலம் போயிட்டு வந்த மறுநாள் மட்டும், மத்த நாள் கெடையாதுன்னு நீங்களே எழுதிருக்கீங்க பாருங்க. பேட்டரி வீக்கா இருந்தா அதுக்கு புதன்கிழமை எது ஞாயித்துக்கிழமை எதுன்னு தெரியாது. டிக்கி லைட்டு எரிஞ்சிட்டே இருந்தாலோ, அப்புறமா மாட்டுன டேப் ரெக்கார்டரு திருட்டுத்தனமா கரண்ட் குடிச்சாலோ, ஆல்டர்னேட்டர் (இஞ்சின் ஓடும்போது பேட்டரிய சார்ஜ் பண்றது) டயோடு லீக் ஆனாலோ வாரத்துல ஏழு நாளும் அந்தக் கத நடக்கணும். ரெண்டு நாள் மட்டும் நடக்குதுன்னா அந்த ரெண்டு நாள்ல வண்டி செய்யற வேற வேல என்னன்னு பாக்கணும். அது மல ஏறுறது. அடிவாரத்துலேர்ந்து 20 ஹேர்பின், சேலம் கடல் மட்டத்துலேர்ந்து 300 மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, ஏற்காடு 1500 மீட்டர், முக்கால் மணி நேரத்துல அவ்வளவு ஒசரத்த ஒரு சின்ன இஞ்சின் இழுத்துட்டுப் போகுது. செகண்ட் கியர்லயே ஏறும்போது இஞ்சின் சுத்து ஜாஸ்தி, வண்டி வேகம் கம்மி, முன்னாடி கிரில் வழியா வர காத்து பத்தாது, அப்போ ரேடியேட்டர குளுப்பாட்டுற வேல மொத்தமும் ஃபேன் தலைலதான் விழும். ஏசி வேற போட்டிருந்தா சொல்லவே வேணாம்.

இப்போ உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன், இது புரிஞ்சிட்டா யாரும் உங்கள ஏமாத்த முடியாது.

ஃபேனுக்குப் போற கரண்ட் பெருசு. சின்ன வண்டி ஃபேன் மோட்டார் 80 வாட்ஸ், 120 வாட்ஸ், 160 வாட்ஸ்னு இருக்கும், அத 12ஆல வகுத்தா சுமாரா 7லேர்ந்து 13 ஆம்பியர் வருது. இவ்வளவு கரண்ட இஞ்சின் கம்ப்யூட்டர் நேரா தாங்காது, அதனால நடுவுல ரிலேன்னு ஒரு சின்ன கருப்பு டப்பா இருக்கும், தீப்பெட்டில பாதி சைசு. உள்ள ஒரு காயில், ரெண்டு பாயிண்டு. கூலன்ட், அதான் இஞ்சின குளுப்பாட்ட ரேடியேட்டர்ல சுத்துற தண்ணி, அதோட சூடு 95, 100 டிகிரி பக்கம் போனதும் (வண்டிக்கு வண்டி மாறும்) சென்சார் சொல்லி கம்ப்யூட்டர் காயிலுக்கு கரண்ட் குடுக்கும், காயில் காந்தமாகி பாயிண்ட ஒட்ட வைக்கும், டிக்குனு ஒரு சத்தம், ஃபேன் ஓடும். சூடு எறங்குனதும் காயில விட்டுடும், ஸ்பிரிங் பாயிண்ட இழுத்துப் பிரிச்சிடும், ஃபேன் நிக்கும். ஒரு தடவ மல ஏறுறதுக்குள்ள இந்த டிக்கு எத்தன தடவ கேக்கும்னு நெனைக்கிறீங்க? ஒவ்வொரு தடவ ஒட்டும்போதும் பிரியும்போதும் அந்தப் பாயிண்டுல பொறி பறக்கும், ஏன்னா மோட்டார் நின்ன எடத்துலேர்ந்து சுத்த ஆரம்பிக்கிற அந்த நொடில சாதாரணமா இழுக்கிறத விடப் பல மடங்கு கரண்ட இழுக்கும். வருஷக்கணக்கா இப்படிப் பொறி பறந்து பறந்து பாயிண்டு மேல கருகி, குழி விழுந்து, ஒரு நாள் சூட்டுல ரெண்டும் வெல்டு வச்ச மாதிரி ஒட்டிக்கும். அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் காயில விட்டாலும் சரி, நீங்க சாவிய உருவி எடுத்துட்டுப் போய் தோசை சாப்பிட்டாலும் சரி, ஃபேன் ஓடிட்டே இருக்கும். நெறைய வண்டில ஃபேன் ரிலேவோட பெரிய பின்னுக்கு வர கரண்ட் சாவி வழியா வரதில்ல, ஃப்யூஸ் தாண்டி நேரா பேட்டரிலேர்ந்து வருது.

கணக்குப் போட்டுப் பாருங்க. உங்க மாதிரி சின்ன பெட்ரோல் வண்டில பேட்டரி பொதுவா 35 ஏஹெச் (ஆம்பியர் ஹவர், ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் போனா ஒரு ஏஹெச்). ஃபேன் 10 ஆம்பியர் குடிக்குதுன்னு வச்சிக்கோங்க, எட்டு மணிக்கு நிறுத்துறீங்க, பத்து மணிக்கு 20 போயிடுச்சு, மீதி இருக்கிறதுல செல்ஃப் மோட்டார் சுத்துறதே கஷ்டம், அது அந்த ஒரு நொடிக்கே 100 ஆம்பியருக்கு மேல கேக்கும். அப்புறம் பேட்டரி எறங்க எறங்க ஃபேனும் மெதுவாகி, தாத்தா சொன்ன அந்த வண்டு மொனகல் மாதிரி ஆகி, நடுராத்திரிக்கு மேல நின்னுடும். அதுக்கப்புறம் ஏற்காட்டு குளுருல ரிலே ஆறி, பாயிண்டு சுருங்கி, அதுவா படக்குனு விட்டுடும். விடிஞ்சு நீங்க வந்து பாக்கும்போது ஃபேனும் ஓடல, ரிலேவும் ஒட்டல, செத்த பேட்டரி மட்டும்தான் மிச்சம். திருடன் வந்தான், திருடுனான், கதவ சாத்திட்டுப் போயிட்டான்.

சேலத்துக் கடைல அவங்க வச்ச மீட்டர் பொய் சொல்லல டீச்சர். 30 மில்லி ஆம்பியர் ரொம்ப சரியான ரீடிங், 50 வரைக்கும் போகலாம், கடிகாரம், கம்ப்யூட்டர் மெமரி எல்லாம் அதுலதான் ஓடுது. ஒரு நாளைக்கு 1 ஏஹெச் கூட ஆகாது, அந்தக் கணக்குல உங்க பேட்டரி பாதி எறங்கவே மூணு வாரத்துக்கு மேல வேணும், ஒரே ராத்திரில சாகுறதுக்கு வாய்ப்பே இல்ல. ஆனா அவங்க மீட்டர் வச்சது ஆறிப் போன வண்டில, நெழல்ல நிறுத்தி. ஒட்டாத ரிலேல என்ன தெரியும்?

அவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன், இதே தப்ப நானே பண்ணிருக்கேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி மலைலேர்ந்து ஒரு கஸ்டமர் இதே கம்ப்ளெய்ன்ட்டோட வந்தாரு, நானும் மீட்டர் வச்சுப் பாத்தேன், ஒண்ணும் தெரியல, ஆல்டர்னேட்டர கழட்டி கார்பன் மாத்தி காசும் வாங்கிட்டேன். பத்து நாள்ல திரும்ப வந்தாரு, வயரிங்க பூரா நோண்டுனேன், மூணாவது தடவ வந்தப்போ அவரு மொகத்தப் பாக்கவே எனக்குக் கூச்சமாப் போச்சு. கடைசில கடைய பையன்கிட்ட விட்டுட்டு அவரு கூடவே வண்டில ஏறி மேல போனேன், ஒண்டிக்கடை பக்கம் நிறுத்தி ஒரு டீ சொன்னோம், டீ குடிச்சு முடிச்சு கிளாஸ வைக்கும்போதும் ஃபேன் ஓடிட்டே இருக்கு, சாவி அவரு சட்டப்பைல. ஸ்க்ரூ டிரைவர் பிடியால ரிலே மேல ஒரு தட்டு தட்டுனேன், டிக்குனு நின்னுச்சு. ஒரு ரிலேவுக்காக அந்த மனுஷன மூணு தடவ மல எறக்கிருக்கேன், ஆல்டர்னேட்டர் காச திருப்பிக் குடுத்துட்டேன்.

அதனால நீங்களும் கீழ கொண்டு வந்து விடாதீங்க, மேலயே புடிங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை மேல வந்ததும் வண்டிய நிறுத்தி, சாவிய எடுத்துட்டு, வீட்டுக்குள்ள போகாம பக்கத்துலயே நில்லுங்க. ஃபேன் சத்தம் கேக்குதான்னு பாருங்க. சாவி எடுத்த பிறகும் ஒரு சில நிமிஷம் ஓடி தானா நிக்கிற மாதிரி சில கம்பெனி வண்டிங்க டிசைனே இருக்கு, ஏன்னா இஞ்சின் நின்னதும் தண்ணி சுத்துறது நின்னுடும், உள்ள இருக்கிற சூடு அப்படியே ஏறும், அத ஆத்தத்தான். அதனால ஓடுதேன்னு உடனே பயப்பட வேணாம். பத்து பதினஞ்சு நிமிஷம் குடுங்க. அதையும் தாண்டி ஓடுச்சுன்னா கேஸ் முடிஞ்சது. முதல் நாளே மாட்டலன்னா விட்டுடாதீங்க, இது தினம் ஒட்டாது, மழை பேஞ்சு குளுரா இருக்கிற அன்னைக்கு ஒட்டாம போகலாம், ரெண்டு மூணு தடவ பாருங்க.

அப்படி நிக்காம ஓடுற அன்னைக்கு பானெட்ட தெறந்து ரிலே பாக்ஸ் மூடியக் கழட்டுங்க, மூடிக்கு உள்பக்கம் படம் போட்டிருக்கும், ரேடியேட்டர் ஃபேன்னு எழுதிருக்கிற ரிலே எதுன்னு பாருங்க. ஒண்ணு முக்கியம், ஃபேன் பக்கத்துல கைய, துப்பட்டாவ, முந்தானைய கொண்டு போகவே கூடாது, இக்னிஷன் ஆஃப்ல இருந்தாலும் அது எப்போ வேணா சுத்தும். ரேடியேட்டர் மூடியையும் சூட்டுல தொடாதீங்க. ரிலே தலைல ஸ்க்ரூ டிரைவர் பிடியால லேசா தட்டுங்க. டக்குனு ஃபேன் நின்னா ரிலே பாயிண்டுதான், வேற சாட்சி வேணாம். நிக்கலன்னா ஒரு துணிய வச்சு ரிலேவ நேரா மேல புடுங்குங்க, சூடா இருக்கும். புடுங்குனதும் ஃபேன் நின்னா ரெண்டுல ஒண்ணு, ஒண்ணு ரிலேவே ஒட்டிருக்கு, இல்ல ரிலே நல்லாதான் இருக்கு, யாரோ அதோட காயிலுக்கு கரண்ட் குடுத்துட்டே இருக்காங்க. ரெண்டையும் பிரிக்கிறது ஈஸி, அதே பாக்ஸ்ல ஹாரன் ரிலேவும் பெரும்பாலும் அதே மாதிரிதான் இருக்கும், மேல இருக்கிற நம்பரும் கால் அமைப்பும் ஒண்ணா இருக்கான்னு பாத்துட்டு அத புடுங்கி ஃபேன் எடத்துல சொருகுங்க. ஃபேன் சும்மா இருந்தா பழைய ரிலேதான் குற்றவாளி. இந்த ரிலேவும் டிக்குனு ஒட்டி ஃபேன் ஓட ஆரம்பிச்சா காயில் பக்கம் பிரச்சனை, கம்ப்யூட்டர்லேர்ந்து வர வயரு எங்கயோ ஒரசி பாடில தொட்டிருக்கலாம், பழைய டைப் வண்டின்னா தெர்மோ சுவிட்சு (சூட்டப் பாத்து ஃபேன போடுற சுவிட்சு) ஒட்டிருக்கலாம், அது எலக்ட்ரீஷியன் வேல, நீங்க நோண்ட வேணாம். உங்க வண்டில அது மல ஏறுன அன்னைக்கு மட்டும் வரதால நான் ரிலே மேலதான் பந்தயம் கட்டுவேன்.

ரிலேவ புடுங்கியும் ஃபேன் நிக்கலன்னா? அப்போதான் கொஞ்சம் கவலப்படணும். செகண்ட் ஹேண்ட் வண்டின்னு சொல்றீங்க, பழைய ஓனர் காலத்துலயே யாராவது டைரக்ட் வயர் ஓட்டிருப்பாங்க. பேட்டரி பிளஸ்லேர்ந்து இன்சுலேஷன் டேப் சுத்துன ஒரு தனி வயரு எங்கயாவது ஃபேன் பக்கம் போகுதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ரிலே சொருகுற எடம் உருகி பிரவுன் கலர்ல இருந்தாலும் இதே மாதிரி ஆகலாம்.

சரி, ரிலேதான்னு முடிவாச்சு, புதுசு வாங்கி சொருகிட்டா வேல முடிஞ்சுதான்னா, இங்கதான் நெறைய பேரு கோட்ட விடுறாங்க. ரிலே ஏன் செத்துச்சுன்னு யாரும் கேக்கிறதில்ல. ரிலேவுக்கு வயசாகி செத்திருக்கலாம், 2011 வண்டி, ஒத்துக்கிறேன். ஆனா என் அனுபவத்துல பாதிக்கு மேல ரிலேவக் கொல்றது ஃபேன் மோட்டார்தான். மோட்டார் புஷ்ஷு (தண்டு சுத்துற வளையம்) காஞ்சு போய், கார்பன் தேஞ்சு, தூசி அடச்சு, சுத்தவே முக்குதுன்னா 10 ஆம்பியர் எடுக்க வேண்டியது 15, 18னு எடுக்கும். ஃப்யூஸ் 30 ஆம்பியர் இருக்கிறதால அது போகாது, அடி மொத்தமும் ரிலே பாயிண்டுக்குத்தான். புது ரிலே போட்டா ஆறு மாசம் ஓடும், அப்புறம் திரும்ப எனக்கு லெட்டர் எழுதுவீங்க.

மோட்டாரப் பாக்கிறதுக்கு, காலைல வண்டி ஆறி இருக்கும்போது பேட்டரி மைனஸ் வயர கழட்டிட்டு (கழட்டாம கைய வைக்கவே கூடாது) ஃபேன் இறக்கைய விரலால சுத்தி விடுங்க. நல்ல மோட்டார் ரெண்டு மூணு சுத்து வழுக்கிட்டுப் போய் நிக்கும். விட்ட எடத்துலயே மக்கு மாதிரி நின்னாலோ, கரகரன்னு சத்தம் வந்தாலோ, இறக்கைய முன்ன பின்ன ஆட்டுனா லொட லொடன்னு ஆடுனாலோ புஷ்ஷு போச்சு. அப்படியே ஃபேனுக்கும் கூண்டுக்கும் நடுவுல குப்பை இருக்கான்னு பாருங்க, எஸ்டேட் ஓரம் நிக்கிற வண்டிங்கள்ல நான் சில்வர் ஓக் எலைய கொத்துக் கொத்தா எடுத்திருக்கேன், ஒரு தடவ ஒரு எலிக்கூடே இருந்துச்சு. எலி இருந்தா வயரையும் கடிச்சிருக்கும், அதையும் பாத்துக்கோங்க.

எலக்ட்ரீஷியன்கிட்ட போகும்போது ஒரே ஒரு வேல சொல்லுங்க, ஃபேன் ஓடும்போது டிசி கிளாம்ப் மீட்டர் (வயர சுத்திக் கவ்விப் புடிச்சு பேட்டரி கரண்ட அளக்கிறது) வச்சு எத்தன ஆம்பியர் எடுக்குதுன்னு பாத்து எழுதிக் குடுங்கன்னு. வீட்டு கரண்டுக்கு வச்சிருக்கிற ஏசி கிளாம்ப் இதுக்கு ஆகாது, சும்மா சைபர் காட்டும், அத நம்பி எல்லாம் நார்மல்னு சொல்லிடப் போறாங்க. மோட்டார் மேல எழுதிருக்கிற வாட்ஸ 12ஆல வகுத்தா வர நம்பருக்குப் பக்கத்துல இருந்தா சரி, ஒண்ணரை மடங்கு காட்டுனா மோட்டாரும் மாத்தணும். ரிலேவ மாத்தும்போது சொருகுற எடத்துல பின்னு லூஸா, கருப்பா இருந்தா அதையும் மாத்த சொல்லுங்க, லூஸ் பின்னு சூடாகி புது ரிலேவையும் சேத்து வேக வச்சிடும். ஃப்யூஸ் 30 இருக்கிற எடத்துல 40 போட்டுக்கலாம்மான்னு யாராவது சொன்னா அந்தக் கடைலேர்ந்து எழுந்து வந்துடுங்க, அப்புறம் ஃப்யூஸுக்குப் பதிலா வயரு எரியும்.

கூலன்ட்டையும் ஒரு பார்வ பாருங்க, இது ஃபேனுக்கு சம்பந்தம் இல்லாத மாதிரி தெரியும், ஆனா இருக்கு. ரேடியேட்டர் உள்ள உப்பு படிஞ்சு அடச்சிருந்தா சூடு எறங்காது, ஃபேன் ஓடுற நேரம் கூடும், ரிலே ஒட்டிப் பிரியறதும் கூடும். போர் தண்ணி ஊத்துனா இதான் கதி. இன்னொண்ணு, ஏற்காட்டு ஒசரத்துல தண்ணி 100 டிகிரில கொதிக்காது, 95 பக்கத்துலயே கொதிச்சிடும், உங்க ஃபேன் ஆன் ஆகுறதே கிட்டத்தட்ட அந்த சூட்டுலதான். வண்டி கொதிக்காம ஓடுறதுக்குக் காரணம் கூலன்ட்டும், ரேடியேட்டர் மூடி உள்ள புடிச்சு வைக்கிற பிரஷரும். மூடி ரப்பர் போய், வெறும் தண்ணி ஊத்தி வச்சிருந்தீங்கன்னா 18, 19ஆவது வளைவுல புகை வரது ஆச்சரியமே இல்ல. ரெடிமேட் கூலன்ட் வாங்கி ஊத்துங்க, இல்ல கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் டப்பால சொன்ன அளவுல கலந்து ஊத்துங்க. தெர்மோஸ்டாட்ட (இஞ்சின் சூடாகுற வரைக்கும் கூலன்ட்ட ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழட்டிடலாம்னு சேலத்துல சில பேரு சொல்லுவாங்க, வேணாம், மலைல இஞ்சின் சூடே ஏறாம பெட்ரோல குடிக்கும்.

இப்போ உங்க மூணு கேள்வி.

சுவிட்ச் வேணவே வேணாம். அந்த மெக்கானிக் நல்ல மனசோடதான் சொல்லிருப்பாரு, அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் பண்ணோம். ஆனா யோசிச்சுப் பாருங்க, அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு ஏதோ யோசனைல வண்டி ஓட்டிட்டு வரீங்க, சுவிட்ச போட மறந்துட்டீங்க, 14ஆவது வளைவுல சூடு ஏறி ஹெட் கேஸ்கெட் (இஞ்சின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவுல இருக்கிற தகடு) போயிடும், அது ரிலே மாதிரி ஒரு சின்ன செலவுல முடியற வேல இல்ல, இஞ்சின் மேல்பாகத்தையே கழட்டணும். சரின்னு போட்டீங்க, வீட்டுக்கு வந்து ஆஃப் பண்ண மறந்துட்டீங்க, மறுநாள் பழையபடி எஸ்டேட் பசங்கள கூப்பிடணும். எத சரி பண்ண கெளம்புனோமோ அதையே நம்ம காசுல வாங்கி டேஷ்போர்டுல மாட்டிக்கிற மாதிரி இது.

பெரிய பேட்டரியும் வேணாம். 35க்கு பதிலா 45 போட்டா ஃபேன் இன்னும் ஒரு மணி நேரம் கூட ஓடும், அவ்வளவுதான் வித்தியாசம். உங்க ரெண்டு பேட்டரியும் கெட்டதே இதனாலதான், கார் பேட்டரி முழுசா எறங்கி எறங்கி ஏறுறதுக்குச் செஞ்சது கெடையாது, ஒரு அஞ்சாறு தடவ அடியோட காலி ஆனாலே உள்ள தகடு மேல சல்ஃபேட் படிஞ்சு சார்ஜ் புடிக்கிற சக்தி போயிடும். இப்போ இருக்கிறதும் அந்த வழிலதான் போயிட்டிருக்கு. தள்ளி ஸ்டார்ட் பண்ணி ஸ்கூல் வரைக்கும் ஓட்டுற அந்தக் கொஞ்ச நேரத்துல காலி பேட்டரி ஏறாதுங்க, ஆல்டர்னேட்டரத்தான் போட்டு வறுக்கும். ரிலே வேல முடிஞ்ச அன்னைக்கே பேட்டரிய வெளிய சார்ஜர்ல 3, 4 ஆம்பியர்ல ராத்திரி முழுக்க மெதுவா ஏத்த சொல்லுங்க. ஏத்தி எடுத்து ஒரு நாலஞ்சு மணி நேரம் சும்மா வச்சு அளந்தா 12.6 வோல்ட் பக்கம் நிக்கணும், 12.2ன்னா பாதிதான் இருக்குன்னு அர்த்தம், ஏத்தியும் அங்கயே நின்னா அந்த பேட்டரிக்கு கும்பிடு போட்டுடுங்க. இஞ்சின் ஓடும்போது 13.8லேர்ந்து 14.5 வரைக்கும் வந்தா ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கு, ஹெட்லைட், ஏசி, ஃபேன் எல்லாம் போட்டும் 13க்குக் கீழ போச்சுன்னா பெல்ட்ட டைட் பண்ணிப் பாக்கணும். இத செக் பண்றேன்னு இஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினல கழட்டிக் காட்டுற ஆளுங்க இன்னும் இருக்காங்க, கைய புடிச்சு தடுங்க, வோல்ட்டேஜ் எகிறி கம்ப்யூட்டர் போனா வண்டி வெலைல பெரிய பங்கு அதுக்கே போயிடும்.

பேட்டரி வயர தினம் கழட்டலாமான்னா, அதுக்கு பதிலா வேல முடியற வரைக்கும் சேலம் போயிட்டு வந்த ராத்திரி மட்டும் அந்த ஃபேன் ரிலேவ புடுங்கி டேஷ்போர்டு மேல வச்சிடுங்க, காலைல ஏறும்போது கண்ணுல படும், சொருகிட்டுப் போகலாம். சொருகாம மட்டும் கெளம்பாதீங்க. வயரக் கழட்டுறதும் தப்பில்ல, மைனஸ் மட்டும் கழட்டுனா போதும், 10 நம்பர் ஸ்பேனர், கடிகாரமும் ரேடியோவும் அழிஞ்சிடும், காலைல ஐடிலிங் கொஞ்ச நேரம் தடுமாறும், அவ்வளவுதான். ஆனா ஃபேன் ஓடிட்டு இருக்கும்போது டெர்மினல கழட்டாதீங்க, பொறி வரும், பேட்டரிலேர்ந்து வர வாயு தீப்பிடிக்கிற வாயு. ரிலேவ புடுங்குறது சேஃப்.

தள்ளி ஸ்டார்ட் பண்றதுல ஒரு பயம் சொல்லிடுறேன். உங்க வீட்டு எறக்கத்துல உருட்டி விட்டு செகண்ட் கியர்ல கிளட்ச விடுவீங்கன்னு நெனைக்கிறேன், இஞ்சின் புடிக்கிற வரைக்கும் பிரேக் கல்லு மாதிரி இருக்கும், ரெண்டு மிதிக்கு மேல பிரேக்குக்கு பலம் குடுக்கிற பூஸ்டர்ல வேக்வம் இருக்காது, ஸ்டியரிங்கும் கனமா இருக்கும். எறக்கம் முடியற எடத்துல ரோடு திரும்புதுன்னா அங்க இந்த வேல வேணாம், பக்கத்து வண்டிலேர்ந்து ஜம்பர் வயரு போட்டுக்கோங்க.

மேல ஏறும்போது அடிவாரம் தாண்டுனதும் ஏசிய அணைச்சிட்டு கண்ணாடிய எறக்கி விடுங்க, பாதி மலைக்கு மேல காத்தே ஏசிதான். வீட்டுக்கு வந்ததும் சாவிய உடனே திருப்பாம ரெண்டு நிமிஷம் ஐடிலிங்ல விடுங்க, ஃபேன் அதோட சுத்த முடிச்சு நின்ன பிறகு ஆஃப் பண்ணுங்க. ரிலேவும் மோட்டாரும் புதுசா மாத்துன பிறகும் ஒரு மாசம் இத பண்ணுங்க, ஃபேன் நின்னுச்சுன்னு காதால கேட்டுட்டே வீட்டுக்குள்ள போகலாம்.

அப்புறம் டெஸ்ட்டுக்காக ஹாரன் ரிலேவ கழட்டுவீங்கல்ல, அத மறக்காம பழைய எடத்துல சொருகிடுங்க. நான் சொல்லிக் கேட்டு ஒருத்தரு அத மறந்துட்டு மறுநாள் காலைல 20 வளைவுலயும் ஹாரன் இல்லாம எறங்கி வந்து, எதிர்ல வந்த பஸ் டிரைவருங்ககிட்ட வாங்குன திட்ட மொத்தத்தையும் என் கடை வாசல்ல வந்து எனக்குத் திருப்பிக் குடுத்தாரு.